இரண்டு விரிப்புக் கட்டில்

"சாவி கொடுக்கிற இடத்துல சாப்பாடும் கொடுப்பாங்களா அண்ணி?"

கேட்டவன் வால். அண்ணி ஸ்கூட்டரைப் பூட்டினாள், ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் திணித்தாள், விடுவிடுவென்று நடந்தாள். காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை என்பது அவன் புகார். வழக்கு ஒன்று சூடு பிடித்தால் அண்ணிக்குப் பசி எடுக்காது. அவளுக்கு எடுக்காவிட்டால் ஊரில் வேறு யாருக்கும் எடுக்கக் கூடாது என்பது அவள் கட்சி.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள் துப்பறியும் நிறுவனம் ஒன்றை ஆரம்பிக்க, அவள் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனதால் கொழுந்தன் வால் ஆனான். சேட்டைக்கும் குறைவில்லாததால் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. சம்பளம் என்று வாயெடுத்தால், "வீட்டுல சோறு போடறேன்ல?" என்பாள். இன்றைக்கு அதுவும் இல்லை.

எதிரே வரிசையாகப் புதுக் கட்டடங்கள். போன வருஷம் இது விளையாட்டு வீரர்களின் கிராமமாக இருந்தது. பெரிய போட்டிக்காக உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்த ஓட்டக்காரர்களும் நீச்சல்காரர்களும் பளு தூக்குகிறவர்களும் இங்கே தங்கினார்கள், ஜெயித்தார்கள், தோற்றார்கள், மூட்டை கட்டினார்கள். அவர்கள் போன கையோடு கட்டடங்களை உள்ளே மாற்றி அமைத்து, ஊர்க்காரர்கள் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடுகளாக்கி விட்டார்கள். இன்று சாவி கொடுக்கும் நாள். வாசலெங்கும் கட்டிலும் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் நின்றன. இரண்டு பிள்ளைகள் ஒரு நாற்காலிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சந்தடியில் ஒரே ஒரு லாரி மட்டும் கயிறு அவிழ்க்கப்படாமல் நின்றது. அதன் பக்கத்தில், சுருட்டிய மெத்தை மேல் உட்கார்ந்திருந்தார் அவர்களுடைய கட்சிக்காரரான அக்கா.

போட்டி நடந்தபோது மூன்றாவது மாடியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவர். வேலை செய்தவர்களுக்கும் சில வீடுகள் ஒதுக்கினார்கள். அதில் அக்காவுக்கும் ஒன்று விழுந்தது. விழுந்ததைக் கையில் வாங்கும் நேரத்தில்தான் இடி விழுந்தது.

"நான் எடுக்கலம்மா," என்றார் அக்கா, எழுந்து நின்று.

"தெரியும். எடுத்தவங்க லாரியைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்க மாட்டாங்க. பழைய வீடு?"

"காலி பண்ணியாச்சு. வேற ஆளுங்க சாமானோட வந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரரு டிரைவர்கிட்ட இறக்கலாமா வேண்டாமான்னே சொல்ல முடியாம அந்தப் பக்கமா போய் நிக்கறாரு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் மேல தப்பு இல்லன்னு ஆகலைன்னா, வரிசையில அடுத்து இருக்கறவங்களுக்கு வீடு போயிடும்மா."

விஷயம் இதுதான். மூன்றாவது மாடியில் தங்கியிருந்த வெளிநாட்டு வாலிபால் பெண் ஒருத்தி வெண்கலப் பதக்கம் வாங்கினாள். ஊர் போய்ச் சேர்ந்தவள், 'கட்டிலின் காலடியில் இருந்த பெட்டிக்குள் பதக்கத்தை வைத்தேன், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மறந்துவிட்டேன், தயவுசெய்து அனுப்புங்கள்' என்று செய்தி அனுப்பினாள். போய்ப் பார்த்தால் அறையையே கழற்றியிருந்தார்கள். பதக்கமும் இல்லை, பெட்டியும் இல்லை. அறைக்குப் பெட்டி என்று எதுவுமே கொடுக்கவில்லை என்று கையை விரித்தது அலுவலகம். அப்போதுதான், "அந்த அம்மா ஒரு பெட்டியைத் தூக்கினதை நான் என் கண்ணால பார்த்தேன்," என்று சாட்சி சொன்னார் ஹவுஸ்கீப்பிங் மேனேஜர். இப்போது இந்தக் குடியிருப்புக்கே மேனேஜர். சாவிக்கொத்தும் அவர் கையில்தான்.

"அந்தப் பொண்ணு எப்படி?" என்று கேட்டாள் அண்ணி.

"தங்கமான பொண்ணு. பாஷை தெரியாது, பார்த்தா சிரிக்கும். என்ன, ஒட்டகச்சிவிங்கி உயரம். அது கட்டிலுக்கு மட்டும் ரெண்டு விரிப்பு போடணும். பெருசு ஒண்ணு, கால் பக்கம் சின்னது ஒண்ணு. தினமும் இடுப்பு ஒடிஞ்சிடும் எனக்கு."

அண்ணியின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. வால் கவனித்தான். அந்தப் புருவம் ஏறினால் அண்ணன் சட்டைப் பையில் இருக்கும் சினிமா டிக்கெட் தானாகவே வெளியே வந்து சரணடையும்.

"உங்களுக்கு எந்த வீடு ஒதுக்கினாங்க?"

அக்கா தலையைக் குனிந்தார். "அதே வீடுதாம்மா. நான்தான் கேட்டு வாங்கினேன். ஜன்னல் பக்கத்துல மரம் இருக்கு. துடைக்கறப்போ எல்லாம், இப்படி ஒரு வீட்டுல இருந்தா எப்படி இருக்கும்னு நினைப்பேன். அதையும் எனக்கு எதிராவே பேசறாங்க. ஒளிச்சு வெச்சதை எடுக்கத்தான் அந்த வீட்டையே கேட்டேனாம்."

"அடப்பாவமே," என்றான் வால். கிண்டல் இல்லாமல் அவன் சொல்லும் வார்த்தைகள் குறைவு. அதில் இது ஒன்று.

அண்ணி ஏற்கெனவே போன் போட்டு வரவழைத்திருந்த ஆர்க்கிடெக்ட் பெண், மாடிப்படியில் காத்திருந்தாள். இந்தக் கட்டடங்களை வரைந்தவள் அவள்தான். வேலை முடிந்து பல மாதம் ஆகியும் தலையிலிருந்து மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் சுற்றினாள்.

"ஏங்க, இன்னும் ஏதாவது மேலேர்ந்து விழும்னு பயமா?" என்றான் வால்.

"நான் கட்டினதுலேர்ந்து எதுவும் விழாது. பழக்கம்," என்றாள் அவள் விறைப்பாக. பிறகு ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

மூன்றாவது மாடியில் அந்த வீட்டின் கதவை மேனேஜர் திறந்துவிட்டார். நெஞ்சில் அடையாள அட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் விருந்தாளியை வரவேற்கும் சிரிப்பு. "நானே அந்த அம்மாவுக்காக வருத்தப்படறேன் மேடம். என்ன செய்யறது, கண்ணால பார்த்ததை இல்லன்னு சொல்ல முடியுமா?"

"முடியாதுதான். எங்க நின்னு பார்த்தீங்க?"

"இதோ, இங்கதான்." வாசற்படியில் ஜம்மென்று போய் நின்றார். "எல்லாரும் காலி பண்ணின அன்னைக்கு அறை அறையா செக் பண்ணிக்கிட்டு வந்தேன். கதவு திறந்து இருந்தது. அந்த அம்மா அதோ, ஜன்னல் ஓரமா கட்டில் பக்கத்துல நின்னாங்க. குனிஞ்சு ஒரு பெட்டியைத் தூக்கினாங்க. இங்கேர்ந்து தெளிவா தெரிஞ்சுது. நீங்களே பாருங்களேன்."

அண்ணி போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தாள். வாசலிலிருந்து ஜன்னல் வரை ஒரே நீளக் கூடம். பார்வையை எதுவும் மறைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அக்கா சொன்ன மரம்கூடக் கிளை கிளையாகத் தெரிந்தது.

"நல்லாவே தெரியுது," என்றாள் அண்ணி. மேனேஜர் சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகலமானது. வால் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். கீழே கட்டு அவிழாத லாரியோடு நிற்கிறவருக்கு என்ன பதில் சொல்வது?

அண்ணி குனிந்தாள். தரையைப் பார்த்தபடியே நாலைந்து அடி நடந்து நின்றாள். "தம்பி, இங்க வா. கூடம் முழுக்க டைல்ஸ் எப்படி இருக்கு?"

"கொஞ்சம் மங்கலா, ஆளுங்க நடந்து தேஞ்சு."

"இங்க மட்டும்?"

வால் பார்த்தான். கூடத்தின் குறுக்கே, சுவரிலிருந்து சுவருக்கு, ஒரு சாண் அகலத்தில் ஒரு பட்டை மட்டும் புத்தம் புதுசாகப் பளபளத்தது. ஒரு மூலையில் மட்டும் ஓர் ஆள் நுழையுமளவு அந்தப் பட்டை விட்டுப்போயிருந்தது. அதைத் தவிர மற்ற இடமெல்லாம் கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று.

"யாரோ இந்த இடத்துல மட்டும் துடைச்சிருக்காங்க போல."

"இல்ல. இந்த இடத்துல மட்டும் யாருமே நடந்ததில்ல. ஏம்மா, இங்க என்ன இருந்தது?"

ஆர்க்கிடெக்ட் பெண் முகம் மலர்ந்தது. தன் குழந்தையைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போலப் பேச ஆரம்பித்தாள். "தடுப்புச் சுவர் மேடம். போட்டி நடக்கறப்போ நிறைய பேர் தூங்கணும். அதனால இந்தக் கூடத்தைக் குறுக்கால தடுத்து படுக்கையறை ஆக்கினோம். அந்த மூலையில கதவு. வீடா மாறினதும் தடுப்பைக் கழற்றிட்டா கூடம். அதோ அந்தச் சமையலறைகூட அப்போ கிடையாது. குழாய் மட்டும் சுவருக்குள்ள தயாரா இருந்தது. எல்லாரும் பொதுச் சாப்பாட்டுக் கூடத்துல சாப்பிட்டாங்க."

"சமையலறை இல்லாத வீடா? இன்னைக்கு எங்க வீடும் அப்படித்தாங்க," என்றான் வால்.

அண்ணி காதில் வாங்கவில்லை. "அப்போ வாசல்ல நின்னு பார்த்தா என்ன தெரியும்?"

"வெள்ளைச் சுவர்."

"ஜன்னல்? கட்டில்? குனிஞ்சு நிக்கற ஆள்?"

"எப்படித் தெரியும்? சுவர்தான்..." ஆர்க்கிடெக்ட் பெண் பாதியில் நிறுத்திவிட்டு மேனேஜரைத் திரும்பிப் பார்த்தாள்.

மேனேஜர் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதற்கு உயிர் போய்விட்டது.

"சாரோட கண்ணு எக்ஸ்ரே கண்ணு அண்ணி! சுவரையே தாண்டிப் பாக்குது!" வால் ஒரே எட்டில் கதவை மறித்துக்கொண்டு நின்றான். "நீங்களே எடுத்துட்டு, பாவம் அந்த அக்கா தலையில கட்டினீங்களா? பதக்கம் எங்கே? சொல்லிடுங்க சார், நான் பசியில இருக்கேன், எனக்குப் பொறுமை கிடையாது."

"விடு அவரை," என்றாள் அண்ணி.

"அண்ணி?"

"இவரு திருடல. பொய் சொன்னதே அதுக்கு அத்தாட்சி."

வாலுக்குத் தலை சுற்றியது. பசியாலா அண்ணியாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"யோசிச்சுப் பாரு. பதக்கத்தை எடுக்கறதுக்காக இந்த அறைக்குள்ள ஒரு தடவை வந்திருந்தாகூட, இங்க ஒரு சுவர் இருக்குன்னு இவருக்குத் தெரிஞ்சிருக்கும். பொய் சொன்னாலும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்ததாச் சொல்லியிருப்பாரு. இவரு இன்னைக்கு இருக்கற கூடத்தைப் பார்த்துட்டு அன்னைக்கு நடந்த கதையைக் கட்டியிருக்காரு. ஏன்னா அன்னைக்கு இவரு மாடி ஏறவே இல்ல. இல்லையா சார்?"

மேனேஜர் சுவரில் சாய்ந்துகொண்டார். "போட்டி நடந்த அத்தனை நாளும் ஏறல மேடம்," என்றார் தரையைப் பார்த்து. "கீழே ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே எல்லா அறையும் செக் பண்ணியாச்சுன்னு சொல்லிட்டேன். பதக்கம் காணோம்னு மேலிடத்துலேர்ந்து கேள்வி வந்தது. அறையைப் பார்த்தேன்னு சொன்னேன். அப்போ யாரைப் பார்த்தேன்னு கேட்டாங்க. வாய்க்கு வந்த ஆளைச் சொல்லிட்டேன்."

"உங்க வாய்க்கு வந்த ஆளு கீழே லாரியோட நிக்கறாங்க," என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. அண்ணி குரலை உயர்த்தாமல் பேசினால் வாலே அடுத்த அறைக்குப் போய்விடுவது வழக்கம். இங்கே அடுத்த அறை இல்லை.

"சரி அண்ணி, பொய் உடைஞ்சது. பதக்கம் கிடைக்கலையே? அது கிடைக்காம அக்கா பேரு எப்படித் துலங்கும்?"

"அதுக்குத்தான் வர்றேன்." அண்ணி ஆர்க்கிடெக்ட் பெண் பக்கம் திரும்பினாள். "கட்டில் எல்லாம் ஒரே நீளம்தானே? வாலிபால் ஆடற பொண்ணு எப்படிம்மா காலை நீட்டிப் படுத்தா?"

"கட்டில் நீட்டிப்பு போட்டோம் மேடம். கட்டில் உயரத்துக்கே செஞ்சது, மேல ஒரு மெத்தைத் துண்டு இருக்கும். உயரமான ஆளுங்களுக்கு மட்டும் கால்மாட்டுல சேர்த்துடுவோம்."

"மெத்தைத் துண்டு மேல சின்னதா ஒரு விரிப்பு?"

"ஆமா."

"மெத்தைத் துண்டுக்குக் கீழே?"

"கீழே சும்மா காலியா விட வேண்டாம்னு நாலு பக்கமும் அடைச்சு மூடி போட்டோம். காலணி, பந்து ஏதாவது போட்டுக்கட்டும்னு..." அவள் வாய் திறந்தபடி நின்றது. ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "ஐயையோ! அது பெட்டி!"

"பெட்டியேதான். ஆனா நீங்க அதை நீட்டிப்புன்னுதான் சொல்லிப் பழகிட்டீங்க, அதனால ஆபீஸ்ல பெட்டியே கொடுக்கலன்னு சாதிச்சாங்க. அக்கா தினமும் அது மேல விரிப்பு போட்டாங்க, அவங்களுக்கு அதுவும் கட்டில்தான். உள்ளே பந்தைப் போட்டு எடுத்த பொண்ணு ஒருத்திதான் அதைப் பெட்டியாப் பார்த்திருக்கா. அவ சரியாத்தான் எழுதியிருக்கா. யாரும் உங்களைக் கேக்கல."

"என்னை எதுக்குமே கூப்பிடல மேடம்."

"அந்த நீட்டிப்பெல்லாம் இப்ப எங்கே? உடைச்சுப் போட்டாச்சா?"

"நாங்க எதையும் தூக்கிப் போடல. இங்க எல்லாத்துக்கும் ரெண்டு ஜென்மம்." சொல்லிக்கொண்டே படியை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தாள் அவள். "குழந்தைகள் காப்பகம்! பொம்மைப் பெட்டி!"

நான்கு பேரும் தடதடவென்று இறங்கினார்கள். மேனேஜரும் ஓடினார். இப்போது அவருக்கும் அந்தப் பதக்கம் கிடைத்தாக வேண்டும்.

முன்பு வீரர்களுக்குக் கைகால் பிடித்துவிடும் அறையாக இருந்த இடம்தான் காப்பகம். வேலைக்குப் போகும் அக்கம்பக்கத்துக்காரர்களின் பிள்ளைகளுக்காக அதைச் சில மாதம் முன்பே திறந்துவிட்டார்கள். சுவரோரம் வரிசையாகப் பச்சை வண்ணம் அடித்த பெட்டிகள், உள்ளே கரடியும் காரும் கட்டைகளும். சின்னச் சின்ன நாற்காலிகளில் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிகளைப் பார்த்ததுமே அண்ணி ஒவ்வொன்றாக மூடியைத் தூக்கப் போனாள்.

"அதுக்குள்ள என்ன தேடறீங்க?" என்று ஓடிவந்தார் டீச்சர். அண்ணி சொன்னாள். டீச்சர் முகம் வெளுத்தது. "ஒரு பெட்டி வந்தப்போ உள்ளே ஒரு பழைய பந்து, நாலஞ்சு பேட்ஜ், ஒரு மெடல் இருந்தது. விளையாட்டுச் சாமானோட வந்ததால அதுவும் விளையாட்டுச் சாமான்னே நினைச்சேன். அது நிஜமா?"

"இப்ப எங்கே?"

டீச்சர் கையைக் காட்டினார்.

மேஜையின் தலைப்பக்கத்தில், நாலு வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. கழுத்தில் நீல நாடா. நாடாவின் முனையில், அதன் தொப்புளுக்கும் கீழே, வெண்கலம் ஆடிக்கொண்டிருந்தது.

"மத்தியானம் யாரு முதல்ல தட்டைக் காலி பண்றாங்களோ, மறுநாள் வரைக்கும் அவங்களுக்கு மெடல்," என்றார் டீச்சர் கிசுகிசுப்பாக. "இவ வந்ததிலேர்ந்து வேற யார் கைக்கும் போகல."

அண்ணி மண்டியிட்டாள். எத்தனையோ கில்லாடிகளை மிரட்டிய குரலைத் தேனாக்கிக்கொண்டு, "கண்ணு, அது ஒரு அக்காவோடது. கொடுத்துடறியா?" என்றாள்.

"மாட்டேன். நான் ஜெயிச்சேன்."

"சாக்லெட் தர்றேன்."

"ஜெயிச்சவங்களுக்குத்தான் மெடல்," என்றது குழந்தை. நியாயத்தில் ஓட்டை இல்லை. அழவைத்துப் பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை.

அண்ணி மெல்ல எழுந்து வாலைப் பார்த்தாள். வாலும் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் காலையிலிருந்து முதல் முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"அண்ணி, நான் இந்த நிமிஷத்துக்காகத்தான் பொறந்தேன்."

முழங்கால் காதைத் தொட, ஒரு குட்டி நாற்காலியில் மடங்கி உட்கார்ந்தான். தட்டு வந்தது. பார்த்ததும் வெளிச்சம் அணைந்தது. தட்டு முழுக்க வேகவைத்த கேரட். அவன் ஜென்ம விரோதி.

டீச்சர் கை தட்டினார். குழந்தை குனிந்த தலை நிமிராமல் வேலையை ஆரம்பித்தது. வால் கண்ணை மூடிக்கொண்டான். கயிறு அவிழாத லாரியை நினைத்தான். மெத்தை மேல் உட்கார்ந்திருந்த அக்காவை நினைத்தான். வாயில் போட்டான்.

"மென்னு சாப்பிடணும்!" என்று அதட்டியது எதிராளி.

மென்றான். கண்ணில் நீர் வர வர மென்றான். பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள், ஆர்க்கிடெக்ட் பெண் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் தட்டினாள். கடைசித் துண்டை விழுங்கிவிட்டுத் தட்டைக் கவிழ்த்துக் காட்டியபோது, குழந்தையின் தட்டில் ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது.

குழந்தை அவனை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு நாற்காலி மேல் ஏறி நின்று, நாடாவைக் கழற்றி, அவனைக் குனியச் சொல்லிக் கழுத்தில் போட்டது. வாழ்க்கையில் அவன் வாங்கிய முதல் பதக்கம். அண்ணி அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்புறம் வலையும் பந்தும் செதுக்கியிருந்தார்கள். போட்டியின் பெயரும் இருந்தது.

குழந்தையின் உதடு பிதுங்க ஆரம்பித்தது. அண்ணி சட்டென்று மேனேஜர் கழுத்திலிருந்த அடையாள அட்டையை நாடாவோடு உருவி, அதன் கழுத்தில் மாட்டினாள். "தோத்தாலும் நல்லா ஆடினவங்களுக்கு இது."

"மேடம், அது இல்லாம எனக்கு ஆபீஸ்..."

"நாளைக்கு மத்தியானம் வந்து சாப்பிட்டு ஜெயிச்சு வாங்கிக்குங்க. இப்ப மேலிடத்துக்குப் போன் போடுங்க. நடந்ததைச் சொல்லுங்க. நாங்க பக்கத்துலயே நிக்கறோம்."

அவர் சொன்னார். எதையும் விடாமல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, சாவிக்கொத்தைச் சுட்டிக்காட்டினாள். "சாவியை நீங்களே கொண்டு போய் அவங்க கையில கொடுங்க."

கீழே லாரியின் கயிறு அவிழ்ந்தது. அக்காவின் கணவர் யாரிடமும் எதுவும் கேட்காமல் முதல் ஆளாகக் கட்டிலைத் தோளில் ஏற்றினார். அக்கா பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இத்தனை நாளும் நான் விரிப்பு போட்டது இது மேலயா?" என்று சிரிக்கப் போனவர், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். வால் அவசரமாக மரத்தைப் பார்த்தான். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கேரட் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாவது மாடியில், தன் வீட்டுக் கதவைத் தானே திறந்தார் அக்கா. நீளக் கூடத்தைத் தாண்டி ஜன்னலில் மரம் ஆடியது. சாவியைக் கொடுத்த கையோடு நழுவப் பார்த்த மேனேஜரை அவர்தான் கூப்பிட்டார்.

"சார், ஒரு நிமிஷம் இங்க வாசல்ல நில்லுங்க."

அவர் வந்து நின்றார்.

"இப்ப ஜன்னல் வரைக்கும் நல்லா தெரியுதா சார்?"

"தெரியுதும்மா."

"அன்னைக்கு வராம இருந்துட்டீங்க. இன்னைக்காவது உள்ள வந்து பாருங்க. இது என் வீடு, நான் கூப்பிடறேன்."

மேனேஜர் வாசலில் நின்றபடியே, கூடத்தின் குறுக்கே பளபளத்த அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் அவருக்குக் கால் எழவில்லை.